டீசல் கார் லாபம்: அது யார் பேர்ல வந்தது?



எங்க பக்கத்துல 'டீசல்'ங்கிற சொல்லு காரோட வரல. முதல்ல லாரியோட வந்தது. அப்புறம் கிணத்து மேட்டுல உட்கார வச்ச ஆயில் இன்ஜினோட வந்தது. அதுக்கப்புறம் டிராக்டரோட வந்தது. குடும்பத்தோட ஏறி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போற கார் டீசல்ல ஓடும்னு ரொம்ப நாள் யாரும் நினைச்சுக்கூடப் பார்த்ததில்ல.

பூந்தமல்லியில இருந்து திருவள்ளூர் போற ரோட்டுல, வெள்ளவேடு தாண்டி இருக்கு எங்க ஊர். ஒரு பக்கம் நெல்லு, கீரை, கொஞ்சம் கடலை. இன்னொரு பக்கம் ஆவடி, அம்பத்தூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போற ஜனங்க. எங்க வீட்லயும் 2011ல இருந்து ஒரு டீசல் கார் ஓடிக்கிட்டு இருக்கு. சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க, இதைப் படிக்கிற நண்பர்கள் நிறைய பேர் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "டீசல் வண்டி வச்சிருக்கீங்களே, லாபமா?"

இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா அந்த லாபம் எங்கிருந்து வந்ததுன்னு ஒரு வரலாறு இருக்கு. அதுல கார்க்காரரும் இருக்கார், உழவரும் இருக்கார். நான் ரெண்டு பக்கமும் நிக்கிறவன். அதனால கொஞ்சம் பொறுமையா, முதல்ல இருந்து எழுதுறேன்.

வயலுக்கும் லாரிக்கும் வந்த இன்ஜின்

ருடால்ஃப் டீசல் ஒரு ஜெர்மன் பொறியாளர். 1897ல ஆக்ஸ்பர்க் நகரத்துல அவரோட இன்ஜின் சரியா ஓடிக் காட்டுச்சு. பெட்ரோல் இன்ஜின்ல ஸ்பார்க் ப்ளக் பொறி வச்சுத்தான் எரிக்கணும். இவர் இன்ஜின்ல அது கிடையாது. காத்தை ரொம்ப இறுக்கமா அழுத்தினா அது கொதிக்கும். அந்தக் கொதிக்கிற காத்துல எண்ணெயைப் பீச்சினா தானாப் பத்திக்கும். அவ்வளவுதான் சங்கதி. 1900ல பாரிஸ் கண்காட்சியில இந்த வகை இன்ஜின் ஒண்ணை வேர்க்கடலை எண்ணெய்யிலயே ஓட்டிக் காட்டினாங்க. கடலை போடுற எங்க மாவட்டத்துக்காரங்க கேட்டா சந்தோஷப்படுற விஷயம்.

அழுத்தம் அதிகம்ங்கிறதால இன்ஜினைக் கனமா வார்க்கணும். சத்தமும் அதிர்வும் ஜாஸ்தி. ஆனா குறைஞ்ச எண்ணெய்யில நிறைய வேலை செய்யும், இழுவை இருக்கும், நாள் முழுக்க ஓடினாலும் சோராது. கப்பல், ஆலை, லாரி, உழவு எல்லாத்துக்கும் பொருத்தம். சொகுசா உட்கார்ந்து போறதுக்குத்தான் பொருந்தல. 1936ல மெர்சிடிஸ் பென்ஸ் '260 டி'ன்னு ஒரு டீசல் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தப்போ அதை அதிகமா வாங்கினதும் டாக்சிக்காரங்கதான். நிறைய தூரம் ஓடறவனுக்குத்தான் டீசல்னு அன்னிக்கே முடிவாகிப் போச்சு.

சென்னைக்கு வருவோம். 1840ல குதிரை வண்டி கட்டுற கம்பெனியா ஆரம்பிச்சது சிம்சன். அது பின்னாடி செம்பியத்துல இங்கிலாந்து பெர்கின்ஸ் கம்பெனியோட டீசல் இன்ஜின்களைச் செய்ய ஆரம்பிச்சது. அதே குழுமம்தான் 1960ல மாஸி பெர்குசனோட சேர்ந்து டாஃபே டிராக்டர் கம்பெனியைத் தொடங்குச்சு. எண்ணூர்ல கார் பூட்டிக்கிட்டு இருந்த அசோக் மோட்டார்ஸ், 1955ல அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் போச்சு. எங்க ஊர் நிலத்தை உழுத டிராக்டர், எங்க ஊர் நெல்லை ஏத்தின லாரி, எங்க ஊருக்கு வந்த பஸ் எல்லாத்துக்கும் இன்ஜின் இந்த வட சென்னையில பிறந்ததுதான்.

பாடி, அம்பத்தூர், ஆவடி கதை இதோட சேர்ந்தது. பாடியில 1960களோட தொடக்கத்துல லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன்னு வரிசையா ஆலைகள் வந்துச்சு. அம்பத்தூர்ல டன்லப் டயர் கம்பெனி. ஆலை மூடின பிறகும் பஸ்ல இன்னிக்கும் 'டன்லப்' ஸ்டாப்னுதான் டிக்கெட் கேட்போம். அதைச் சுத்தி தொழிற்பேட்டை, அதுக்குள்ள ஆயிரக்கணக்குல சின்ன லேத் பட்டறைகள். ஆவடியில 1960கள்ல இருந்து ராணுவ டாங்கி ஆலை. 1987ல அங்கேயே டாங்கிக்கு டீசல் இன்ஜின் செய்ய தனி ஆலை. மண்ணூர்ல டீசல் பம்ப்பும் நாசிலும் செய்யற ஆலை. வீட்டுக்கு ஒருத்தர் இதுல எங்கேயாவது வேலை பார்த்திருப்பாங்க. டீசல் இன்ஜினை வாங்கறதுக்கு முன்னாடியே அதோட உறுப்புகளைக் கடைஞ்சு பழகின கைகள் எங்க பக்கத்துக் கைகள்.

ஆவடிக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1955 ஜனவரியில காங்கிரஸ் மாநாடு இங்கதான் நடந்தது. 'சோஷலிச பாணி சமுதாயம்'ங்கிற தீர்மானம் போட்டது அந்த மாநாட்டுலதான். எது எவ்வளவு உற்பத்தி ஆகணும், என்ன விலைக்கு விக்கணும்னு அரசாங்கம் தீர்மானிக்கிற காலம் அப்படியே வளர்ந்தது. 1970கள்ல எண்ணெய் கம்பெனிகளும் அரசாங்கத்து கைக்கு வந்துச்சு. டீசல்ங்கிறது உழவு, லாரி, பஸ், ரயில் எல்லாம் குடிக்கிற எண்ணெய், விலை ஏறினா அரிசி பருப்பு விலையும் ஏறும், அதனால அதை அடக்கி வைக்கணும்னு ஒரு வழக்கம் நிலைச்சது. பெட்ரோல் கார் வச்சிருக்கிறவர் குடிக்கிறது, அவரால கொடுக்க முடியும். இந்த ரெண்டு விலைக்கு நடுவுல இருந்த இடைவெளியிலதான் பின்னாடி டீசல் குடும்பக் கார் பிறந்தது.

அம்பாசிடர்ல இருந்து இண்டிகா வரைக்கும்

1980 வாக்குல அம்பாசிடர்ல டீசல் இன்ஜின் வந்தது. ஒன்றரை லிட்டர், வெறும் 37 குதிரை சக்தி. அஞ்சு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிட்டா மேம்பாலம் ஏறவே யோசிக்கும். இருந்தாலும் டாக்சிக்காரங்க அதை விடல. ஏன்னா பங்க்ல கொடுக்கிற காசு குறைவு. திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனி டீசல் மோட்டார் பைக்கே கொண்டு வந்துச்சு. 325 சி.சி., ஆறரை குதிரை சக்தி. இன்னிக்குப் பசங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. மெதுவா, டப டபன்னு, ஊரே அதிர போகும். ஆனா ஒரு லிட்டர் ஊத்தினா போய்க்கிட்டே இருக்கும்.

1990கள்ல டாடா சுமோ வந்தது. பத்மினியில டீசல், மாருதி ஜென்ல பிரான்ஸ் நாட்டு பியூஜோ டீசல்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. 1998ல ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் ஆலையில இருந்து சான்ட்ரோ வெளிய வந்தது. எங்க பக்கத்துல நிலம் வித்த காசும், ஆலைச் சம்பளமும் ஒரே நேரத்துல புழங்க ஆரம்பிச்சது அப்போதான். இன்னொண்ணு, அந்த வருஷக் கடைசியில டாடா இண்டிகா அறிமுகமாச்சு. அம்பாசிடர் அளவு இடம், சின்ன கார் விலை, டீசல் செலவு. இந்த மூணையும் ஒண்ணா ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குக் கொடுத்த முதல் கார் அதுதான். சத்தம் போடும், கியர் கடுக்கும், ஆனா கால் டாக்சி, கம்பெனி கேப்னு சென்னை முழுக்க அதுதான் ஓடுச்சு.

அடுத்த திருப்பம் 'காமன் ரெயில்'. பழைய இன்ஜின்ல பம்ப் ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனியா டீசலைத் தள்ளும். புதுசுல ஒரே குழாய்ல ஆயிரம் பாருக்கு மேல அழுத்தத்துல டீசல் தயாரா நிக்கும். கார் டயர்ல நாம பிடிக்கிற காத்து ரெண்டு சொச்சம் பார்தான், ஒப்பிட்டுப் பாருங்க. கம்ப்யூட்டர் சொல்ற நேரத்துல, சொல்ற அளவு, கிட்டத்தட்ட முடி கனத்து ஓட்டை வழியா அது பீச்சும். சத்தம் குறைஞ்சது, புகை குறைஞ்சது, பிக்கப் கூடுச்சு. 2002ல ஹூண்டாய் ஆக்சென்ட் இந்த வகை இன்ஜினோட இருங்காட்டுக்கோட்டையில இருந்தே வந்தது. 2007 தொடக்கத்துல மாருதி ஸ்விஃப்ட்ல ஃபியட்டோட 1.3 லிட்டர் டீசல் வந்தது. அதே இன்ஜின் டாடாவுலயும், ஃபியட்லயும், செவர்லேவுலயும் ஓடுனதால அதை 'தேசிய இன்ஜின்'னே கார்ப் பிரியர்கள் சொல்லுவாங்க.

இதுவரைக்கும் இது இன்ஜின் வளர்ந்த கதை. இனிமே வர்றது விலை வளர்ந்த கதை.

ஒரு ரூபாய் சேமிப்புல யாரோட பங்கு எவ்வளவு?

2010 ஜூன்ல மத்திய அரசு பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துடுச்சு. டீசலை மட்டும் பிடிச்சு வச்சுக்கிச்சு. அடுத்த வருஷங்கள்ல கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 100 டாலரைத் தாண்டி நின்னது. பெட்ரோல் ஏறிக்கிட்டே போச்சு, டீசல் அவ்வளவா ஏறல. 2012 மே மாசம் சென்னையில பெட்ரோல் 75 ரூபாயைத் தாண்டிடுச்சு. டீசல் 45 ரூபாய்க்குக் கீழதான். லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல வித்தியாசம்!

ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போடுங்க. ஒரே அளவு கார், பெட்ரோல்னா லிட்டருக்கு 14 கிலோமீட்டர், டீசல்னா 18ன்னு வச்சுக்குவோம். பெட்ரோல் 75, டீசல் 45ன்னே வையுங்க.

பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 36 பைசா. டீசல் கார் 2 ரூபாய் 50 பைசா. மிச்சம் 2 ரூபாய் 86 பைசா. டீசல் காருக்கு ஒரு லட்சம் கூட கொடுத்து வாங்கியிருந்தாலும் 35,000 கிலோமீட்டர்ல அந்தக் காசு திரும்பி வந்துடும். வருஷம் பத்தாயிரம் ஓட்டறவருக்கு மூணரை வருஷம். அம்பத்தூர்ல இருந்து சிறுசேரிக்கு வேலைக்குப் போறவருக்கு ரெண்டே வருஷம். ஜனங்க டீசலுக்கு ஓடுனதுல ஆச்சரியம் என்ன இருக்கு? 2012-13ல நாட்டுல வித்த கார்கள்ல பாதிக்கும் மேல டீசல்.

இப்போ அதே பேப்பர்ல இன்னொரு வரி எழுதுங்க. டீசலும் பெட்ரோல் மாதிரியே 75 ரூபாய் வித்திருந்தா? கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 17 பைசா ஆகியிருக்கும். அப்போ மிச்சம் 1 ரூபாய் 19 பைசாதான். அதாவது, 2 ரூபாய் 86 பைசா லாபத்துல 1.19 தான் இன்ஜின் சம்பாதிச்சுக் கொடுத்தது. பாக்கி 1.67 பங்க்ல போட்டிருந்த விலை கொடுத்தது. ஒரு ரூபாய் சேமிப்புல ஏறக்குறைய 58 பைசா அரசாங்கம் வச்ச விலை வித்தியாசம், 42 பைசா ருடால்ஃப் டீசல்.

அந்த 58 பைசா யார் பேர்ல இருந்தது? உழவர் பேர்ல. பஸ்ல போறவங்க பேர்ல. அரிசி வாங்கறவங்க பேர்ல.

உழவர் பேரும் கார்க்காரர் பங்கும்

2014ல பெட்ரோலிய அமைச்சகத்துக்காக எடுத்த ஒரு பெரிய ஆய்வு வெளிய வந்தது. நாட்டுல சில்லறையில விக்கிற டீசல் யார் யாருக்குப் போகுதுன்னு பங்க் பங்க்கா கணக்கெடுத்தாங்க. விவசாயத்துக்குப் போனது சுமார் 13 சதவீதம். சொந்தக் கார்களுக்குப் போனதும் சுமார் 13 சதவீதம்! டாக்சி, கேப் எல்லாம் தனி. உழவர் பேரைச் சொல்லி வச்சிருந்த விலையில, உழவர் குடிச்ச அளவுக்குச் சமமா சொந்தக் கார்களும் குடிச்சிருக்கு.

தமிழ்நாட்டு உழவருக்கு இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. நம்ம மாநிலத்துல ரொம்ப வருஷமா விவசாய பம்ப்செட்டுக்கு எல்லாருக்கும் இலவச மின்சாரம். அதனால கிணத்து மேட்டு ஆயில் இன்ஜின் பழைய இரும்புக் கடைக்குப் போயிடுச்சு. ஆனா டீசல் எங்களை விட்டுப் போகல. உழவு டிராக்டர், பவர் டில்லர், அறுவடை மெஷின், கோயம்பேட்டுக்கு விடியக்காலை கீரை ஏத்திக்கிட்டுப் போற குட்டி யானை எல்லாம் டீசல்தான். எங்கள்ல பாதிப் பேர் கிட்ட சொந்த டிராக்டர் கிடையாது. மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக்குத்தான் ஓட்டறோம். டீசல் ஏறினா அடுத்த நடவுலயே வாடகை ஏறும். இறங்கினா? வாடகை இறங்கி நான் பார்த்ததில்ல.

இந்தக் கோளாறு அரசாங்கத்துக்குத் தெரியாம இல்ல. 2010 பிப்ரவரியிலயே கிரித் பாரிக் தலைமையில இருந்த நிபுணர் குழு சொல்லிடுச்சு. டீசல் விலையைச் சந்தை கிட்ட விடணும்னு சொன்ன அதே அறிக்கையில, டீசல் கார் வாங்கறவங்க கிட்ட 80,000 ரூபாய் கூடுதல் வரி வாங்கணும்னும் சொல்லியிருந்தாங்க. குறைஞ்ச விலை எண்ணெய்யால கார்க்காரருக்குக் கிடைக்கிற லாபத்தை வாங்கும்போதே பிடிச்சுக்கிற யோசனை அது. அந்த வரி வரவே இல்ல. ஆண்டுதோறும் பட்ஜெட்டுக்கு முன்னாடி பேச்சு அடிபடும், கார் கம்பெனிகள் எதிர்ப்பு சொல்லும், போயிடும். 2016ல வந்த செஸ் சின்ன டீசல் காருக்கு வெறும் இரண்டரை சதவீதம்.

காருக்கு வரி போடற வழி இருந்தது, எல்லாருக்கும் டீசல் விலையை ஏத்தற வழி இருந்தது. ரெண்டாவதைத்தான் எடுத்தாங்க. 2012 செப்டம்பர்ல ஒரே நாள்ல லிட்டருக்கு 5 ரூபாய். 2013 ஜனவரியில இருந்து மாசம் 50 பைசா. அதே ஜனவரியில ஒரு கூத்து நடந்தது. மொத்தமா வாங்கறவங்களுக்கு மட்டும் சந்தை விலைன்னு சொல்லிட்டாங்க. ரயில்வேயும் அரசு பஸ் கழகங்களும் அதுல மாட்டிக்கிச்சு. பூந்தமல்லி டிப்போ 54ஆம் நம்பர் பஸ்ஸுக்கு ஒரு விலை, அந்த பஸ்ஸை ஓவர்டேக் பண்ணிப் போற டீசல் காருக்கு அதை விடக் குறைஞ்ச விலை! பல மாநிலங்கள்ல அரசு பஸ்களைச் சாதாரண பங்க்குகள்ல கொண்டு போய் டீசல் போட்டாங்க.

2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாடு முழுசா போச்சு. அந்த நேரம் பார்த்து உலகச் சந்தையில எண்ணெய் விலை விழுந்தது. அந்த இறக்கம் பங்க்குக்கு முழுசா வரல, நடுவுல வரி ஏறிக்கிட்டே வந்தது. 2020 மே மாசம், கொரோனா ஊரடங்குல கோயம்பேடு மார்க்கெட்டை மூடி எங்க பக்கத்துத் திருமழிசைக்கு மாத்தின அதே வாரங்கள்ல, மத்திய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும், டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏத்துச்சு. கவனிங்க, டீசலுக்குத்தான் அதிகம். அடுத்த மாசம் டெல்லியில டீசல் விலை பெட்ரோலையே தாண்டிடுச்சு.

2024 மார்ச்சுக்கு அப்புறம் சென்னையில பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி, டீசல் 92 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல இருந்தது. 30 ரூபாய் இடைவெளி எட்டரை ரூபாய் ஆயிடுச்சு. நம்ம பழைய பேப்பர் கணக்கை இந்த விலைக்குப் போட்டா மிச்சம் 2 ரூபாய் சொச்சம். விலை கூடினதால ரூபாய்ல பெருசா தெரியும். ஆனா மாசு விதி கடுமையானதால டீசல் கார் விலை ரொம்ப ஏறிடுச்சு. ஒன்றரை லட்சம் கூடன்னு வச்சா, அதை எடுக்க 72,000 கிலோமீட்டர் ஓடணும். 35,000 இருந்த இடத்துல 72,000. சும்மா வார விடுமுறைக்கு எடுக்கிறவருக்கு அது ஏழு எட்டு வருஷக் காத்திருப்பு.

2020 ஏப்ரல் 1ல பி.எஸ்.6 வந்தப்போ மாருதி டீசல் காரையே நிறுத்திடுச்சு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில 2022ல உற்பத்தியே நின்னது. பாதிக்கும் மேல இருந்த டீசல் பங்கு ஐந்துல ஒண்ணுக்கும் கீழ வந்துடுச்சு. வெளிநாட்டுலயும் இதே காத்துதான். 2015ல ஃபோக்ஸ்வேகன் புகைச் சோதனையில ஏமாத்தினது அம்பலமான பிறகு ஐரோப்பாவும் டீசல் காரைக் கைகழுவ ஆரம்பிச்சது.

வச்சு ஓட்டறவங்களுக்கு

சரி, வாங்கினது வாங்கியாச்சு. இன்னும் எங்க பக்கத்துல வீட்டுக்கு வீடு 2010-15 வாங்கின டீசல் வண்டி நிக்குது. எங்க வண்டி ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டிடுச்சு. இத்தனை வருஷத்துல கத்துக்கிட்டதைச் சொல்லிடறேன்.

டீசல் இன்ஜின் ஓட்டத்தால சாகறதை விட ஓட்டாததால சாகறதுதான் ஜாஸ்தி. தினம் ரெண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போய் வந்தா இன்ஜின் சூடே ஏறாது, உள்ளே கரி அடையும். எங்க மெக்கானிக் பையன் சொல்லுவான்: "அண்ணா, மாசத்துக்கு ஒரு தடவை அவுட்டர் ரிங் ரோட்டுல நசரத்பேட்டையில இருந்து வண்டலூர் வரைக்கும் இழுத்துட்டு வாங்க, பாதி வியாதி போயிடும்." பி.எஸ்.6 வண்டிக்கு இது இன்னும் கட்டாயம். சைலன்சர் வழியில கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கு, அது சூட்டுல தன்னைத் தானே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கும். திருவள்ளூர் ஹைரோட்டுல பாடியில இருந்து ஆவடி வரைக்கும் ஊர்ந்தே போற வண்டிக்கு அந்தச் சூடு எப்படி வரும்?

டீசல் ஃபில்டர்ல சேர்ற தண்ணியை அப்பப்போ இறக்கணும். பழைய அம்பாசிடர் பம்ப் கொஞ்சம் அழுக்கைத் தாங்கும். காமன் ரெயில் தாங்காது. நாசில் போனா செலவு ஆயிரத்துல இல்ல, பத்தாயிரங்கள்ல வரும். தூரம் ஓடி வந்ததும் உடனே சாவியைத் திருப்பாம ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டா டர்போ நீடிக்கும். இன்ஜின் கனம்ங்கறதால முன் பக்கத்து புஷ், மவுண்டிங் எல்லாம் பெட்ரோல் வண்டியை விட முன்னாடியே தேயும். டிராபிக்ல க்ளட்ச் ப்ளேட்டும் அப்படித்தான்.

முக்கியமான ஒண்ணு, வெள்ளம். 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் திறந்தப்போவும், 2023 டிசம்பர் புயல்ல அம்பத்தூர், கொரட்டூர் மூழ்கினப்போவும் தண்ணியில நின்னு கெட்ட வண்டியை விட, தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணிக் கெட்ட வண்டிகள் உண்டு. காத்தை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. டீசல் இன்ஜின் பெட்ரோலை விட ஒன்றரை மடங்குக்கு மேல இறுக்கி அழுத்தும். உள்ளே ஒரு டம்ளர் தண்ணி இருந்தாலும் கனெக்டிங் ராடு வளைஞ்சு போகும். சக்கரம் முழுகற அளவு தண்ணி ஏறியிருந்தா சாவியைத் தொடாதீங்க. கயிறு கட்டி இழுத்துட்டுப் போங்க.

15 வருஷம் ஆனா என்ன பண்றதுன்னு பல பேருக்கு பயம். டீசல் வண்டிக்கு 10 வருஷம்தான்னு வாட்ஸப்புல வர்றது டெல்லியைச் சுத்தின பகுதிக்கு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு. 2018ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. நம்ம ஊருக்கு அது இல்ல. இங்க 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டி எஃப்.சி. எடுத்து, அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கலாம். பசுமை வரி தனி. 2022 ஏப்ரல்ல காருக்குப் புதுப்பிக்கிற கட்டணம் 600ல இருந்து 5,000 ஆச்சு. வண்டி புகை கக்காம, துரு ஏறாம இருந்தா ஓட்டறது தப்பில்ல. புது வண்டி செய்யறதுக்கும் இரும்பும் கரியும் செலவாகுதே. ஆனா ஊதினா கரும்புகை வர்ற வண்டியை 'இன்னும் மைலேஜ் தருது'ன்னு வச்சிருக்கிறது பின்னாடி சைக்கிள்ல வர்ற பிள்ளை மூச்சுல போய் விழும். அதை விட்டுடறதுதான் நல்லது.

லாபமா?

நிறைய தூரம் ஓடி, ரொம்ப நாள் வச்சிருந்தவங்களுக்கு லாபம்தான். எங்க வண்டியும் தன் விலையை எப்பவோ திருப்பிக் கொடுத்துடுச்சு. அந்த லாபத்துல பாதிக்கு மேல பங்க் விலையில இருந்து வந்தது, அந்த விலை உழவர் பேர்ல நின்னதுங்கிறதை மட்டும் மறக்க வேண்டாம்.

விலை இடைவெளி மூடினப்போ கார்க்காரருக்கு வழி இருந்தது. அடுத்த வண்டி பெட்ரோல் வாங்கினார், சிலர் கேஸ் போட்டார், இப்போ பேட்டரி வண்டி வாங்கறார். ஷோரூம்ல பத்து வகை நிக்குது. டிராக்டருக்கு அப்படி இல்ல. சேத்துல இறங்கி உழுற இடத்துல டீசலுக்குப் பதிலா இன்னிக்கு எங்களுக்கு வேற ஒண்ணும் கைக்கு எட்டல. உழவர் பேரைச் சொல்லி வச்ச விலை போயிடுச்சு, அந்த விலையில ஓடினவங்க வேற வண்டிக்கு மாறிட்டாங்க, உழவர் மட்டும் அதே பங்க்ல கேனோட நிக்கிறார்.

அடுத்த தடவை டீசல் விலை ரெண்டு ரூபாய் ஏறுச்சுன்னு செய்தி வந்தா, "நம்ம கார் பெட்ரோல், நமக்கு என்ன"ன்னு தாண்டிடாதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு உங்க தட்டுல விழற கீரைக்கும் சோத்துக்கும் அந்த ரெண்டு ரூபாய் வந்து சேரும். நடுவுல அதைச் சுமந்துக்கிட்டு வர்றது நாங்கதான்.